ஊருக்கு வெளியே ஒரு ஓட்டல்: 1944 ஜூலையும் ஒரு கோயம்புத்தூர்க்காரரும்



விடுமுறை நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். எந்த ஊருக்குப் போவது, எந்த ஓட்டலில் தங்குவது? ஊருக்கு நடுவில் தங்கினால் எல்லாம் பக்கம், ஆனால் இரைச்சல். தள்ளித் தங்கினால் அமைதி, ஆனால் ஒரு காபி வேண்டுமென்றாலும் ஓட்டல்காரரையே நம்பியிருக்க வேண்டும். ஒருவர் குழந்தைகளை நினைத்து ஒன்று சொல்வார், இன்னொருவர் முழங்கால் வலியை நினைத்து வேறொன்று சொல்வார். கடைசியில் பணம் கட்டுகிறவர் சொன்னதுதான் நடக்கும்.

இதே கேள்வி 1944-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கத்துக்கும் வந்தது. 44 நாடுகளின் பிரதிநிதிகளைக் கூட்டி, போருக்குப் பிறகு உலகத்தின் பணம் எப்படிப் புழங்க வேண்டும் என்று பேச வேண்டும். எங்கே கூட்டுவது? அவர்கள் தேர்ந்தெடுத்தது தலைநகரத்தை அல்ல, நியூயார்க்கையும் அல்ல. மலையடிவாரத்தில், காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பெரிய சொகுசு ஓட்டல். அங்கே வந்து தங்கியவர்களில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் உண்டு.

"1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் தோன்றின" என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரி. இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று சொல்ல வகுப்பில் நேரம் இருந்ததில்லை. இப்போது மணி அடிக்க யாரும் இல்லை. ஆகவே சாவகாசமாகச் சொல்கிறேன், நீங்களும் சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஓட்டலைப் பார்ப்போம். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சிறிய மாநிலம். அங்கே வெண்மலைகள் என்றழைக்கப்படும் மலைத்தொடர். அதில் உயர்ந்தது மவுண்ட் வாஷிங்டன், 1,917 மீட்டர். உயரத்தில் நம் தொட்டபெட்டாவைவிடச் சிறியதுதான், ஆனால் காற்றுக்குப் பேர்போன சிகரம். 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. அந்த மலையைப் பார்த்தபடி ஜோசப் ஸ்டிக்னி என்ற செல்வந்தர் கட்டிய ஓட்டல் 1902-இல் திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவர்கள், சிவப்புக் கூரை, நீண்ட வராந்தா. நிலக்கரியிலும் ரயிலிலும் சம்பாதித்த பணம் அது. கட்டி முடித்த மறு ஆண்டே ஸ்டிக்னி இறந்துபோனார்.

பாஸ்டன், நியூயார்க் பணக்காரர்கள் கோடை வெக்கைக்குத் தப்பி ரயிலேறி இங்கே வருவார்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள். நம் ஊரில் சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலம் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான். பிறகு மோட்டார் கார் வந்தது, பொருளாதார மந்தம் வந்தது, போர் வந்தது. 1942-க்குப் பிறகு ஓட்டல் மூடிக் கிடந்தது.

மூடிக் கிடந்த ஓட்டலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காரணம் ஒன்றல்ல, பல.

முதல் காரணம் ஒரு மனிதரின் இதயம். பிரிட்டன் தரப்பின் தலைவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். அந்தக் காலத்தில் உலகிலேயே புகழ்பெற்ற பொருளியல் அறிஞர். அவருக்கு 1937-லிருந்தே கடுமையான இதய நோய். ஜூலை மாதத்தில் வாஷிங்டன் நகரம் புழுங்கித் தள்ளும். குளிர்சாதனம் எல்லா இடத்திலும் இல்லாத காலம். தயவுசெய்து எங்களை ஜூலையில் வாஷிங்டனுக்கு மட்டும் இழுக்காதீர்கள் என்று அமெரிக்கத் தரப்பின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டுக்கு அவர் முன்கூட்டியே எழுதிவிட்டார். ஆகவே குளிர்ந்த இடம் வேண்டும்.

இரண்டாவது காரணம் அரசியல். மாநாட்டில் என்ன முடிவு எடுத்தாலும் அமெரிக்க செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்தை உருவாக்கியதில் முன்னின்றவர் அமெரிக்க அதிபர் வில்சன். ஆனால் அவருடைய சொந்த நாட்டு செனட்டே அதை நிராகரித்துவிட்டது. அந்தப் பாடத்தை ரூஸ்வெல்ட் மறக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் செனட்டர் சார்லஸ் டோபி எதிர்க்கட்சிக்காரர். வெளிநாட்டு விவகாரங்களில் அமெரிக்கா தலையிடக்கூடாது என்று பேசிவந்தவர். வங்கி விவகாரங்களைக் கவனிக்கும் செனட் குழுவில் முக்கியமானவர். அந்த ஆண்டு அவர் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவருடைய மாநிலத்திலேயே மாநாட்டை வைத்து, அவரையே அமெரிக்கக் குழுவில் உறுப்பினராகவும் சேர்த்துவிட்டால்? சேர்த்தார்கள். பிற்பாடு ஒப்பந்தம் செனட்டுக்கு வந்தபோது டோபி அதற்கு ஆதரவாக நின்றார்.

மூன்றாவது காரணத்தைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தின் சொகுசு ஓட்டல்கள் பலவற்றில் யூதர்களுக்கு அறை கிடையாது. எழுதாத விதி அல்ல, சில இடங்களில் வெளிப்படையாகவே எழுதிய விதி. அமெரிக்க நிதி அமைச்சரும் மாநாட்டின் தலைவருமான ஹென்றி மார்கெந்தாவ் யூதர். ஒயிட்டும் யூதக் குடும்பத்தவர். ஹிட்லரை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருக்கும் நாட்டின் நிதி அமைச்சருக்கே தன் நாட்டு ஓட்டலில் அறை கிடைக்காத நிலை! மவுண்ட் வாஷிங்டன் ஓட்டல் யூதர்களை ஏற்றுக்கொள்ளும் இடமாக இருந்தது. "இந்த ஓட்டலில் நம்மை உள்ளே விடுவார்களா" என்ற கேள்வி நம் நாட்டிலும் எத்தனை பேருக்கு, எத்தனை காலம் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, பாதுகாப்பும் தனிமையும். ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். சுற்றிலும் காடு. யார் வருகிறார், யார் போகிறார் என்று கண்காணிப்பது எளிது. அதற்கு முந்தைய நவம்பரில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், சியாங் கை ஷேக் மூவரும் எகிப்தில் சந்தித்தபோதும் கெய்ரோ நகரின் நடுவில் கூடவில்லை. கிசா பிரமிடுகளின் பக்கத்தில் இருந்த மீனா ஹவுஸ் என்ற ஓட்டலில்தான் கூடினார்கள். போர்க்கால மாநாடுகளுக்கு ஊருக்கு வெளியே உள்ள ஓட்டல் வசதியான இடம். சமையலறை, பெரிய கூடம், நூற்றுக்கணக்கான படுக்கைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

ஆனால் மூடிக் கிடந்த ஓட்டலை அவசரமாகத் திறந்தால் என்ன ஆகும்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நீண்ட நாள் பூட்டிக் கிடந்த மண்டபத்தைப் பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான். பழுது பார்க்க ராணுவ ஆட்களை அனுப்பினார்கள். அப்படியும் வேலை முடியவில்லை. குழாய்கள் ஒழுகின, ஜன்னல்கள் மூட மறுத்தன. கீன்ஸின் மனைவி லிடியா லோபகோவா தம் கடிதத்தில் இதையெல்லாம் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அவர் ரஷ்ய பாலே நடனக் கலைஞர். இரவில் தம் அறையில் அவர் நடனப் பயிற்சி செய்ததால் கீழ் அறையில் இருந்த மார்கெந்தாவ் குடும்பத்தினரின் தூக்கம் கெட்டது என்று ஒரு கதை அந்த ஓட்டலில் இன்றும் சொல்வார்கள்.

மாநாடு 1944 ஜூலை 1 அன்று தொடங்கியது. வந்தவர்கள் சுமார் 730 பேர். அத்தனை பேருக்கு அந்த ஓட்டலில் இடம் போதவில்லை. பக்கத்து ஓட்டல்களிலும் தங்கவைத்தார்கள். செய்தி கொண்டுபோகவும் ஒலிவாங்கி பிடிக்கவும் சாரணச் சிறுவர்களை அமர்த்தினார்கள். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. போர் முடியும் முன்பே, போருக்குப் பிந்தைய உலகத்துக்குக் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

இந்தியா அப்போது சுதந்திர நாடு அல்ல. ஆனாலும் 44 நாடுகளில் ஒன்றாக அழைக்கப்பட்டது. குழுவின் தலைவர் வைஸ்ராய் நிர்வாக சபையின் நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன், ஆங்கிலேயர். பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரெகரி, அவரும் ஆங்கிலேயர். இந்தியர்கள் என்று பார்த்தால், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் சி. டி. தேஷ்முக், பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஏ. டி. ஷ்ராஃப், நம் ஆர். கே. சண்முகம் செட்டியார். உதவிக்கு ரிசர்வ் வங்கியின் பி. கே. மதன்.

சண்முகம் செட்டியாரைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. 1892-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1933-இல் டில்லி மத்திய சட்டசபையின் தலைவர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். இன்னொரு பக்கம் தமிழிசை இயக்கத்தில் ஈடுபாடு, சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்த படிப்பு. கணக்கும் தெரியும், காவியமும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இருந்த காலம் அது.

அந்த ஓட்டலுக்கு இந்தியக் குழு கொண்டுபோன பிரச்சினை என்ன? அதன் பெயர் ஸ்டெர்லிங் நிலுவை. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, உணவு, சணல், தோல் என்று ஏராளமாக வாங்கியது. இந்திய மண்ணுக்கு வெளியே போரிட்ட படைகளின் செலவில் பெரும்பகுதி பிரிட்டன் கணக்கில் வர வேண்டும் என்பது 1939-இல் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் பிரிட்டனிடம் கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுண்டு கணக்கில் பற்று எழுதிவைத்தது. அந்தப் பற்றுச் சீட்டை ஆதாரமாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்து, பொருள் கொடுத்தவர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் கொடுத்தது. பொருள் கப்பலேறிப் போய்விட்டது, நோட்டு மட்டும் பெருகியது. விலைவாசி என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். 1943 வங்காளப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அதற்குக் காரணங்கள் பல. இந்த விலை ஏற்றமும் அவற்றில் ஒன்று.

போர் முடிந்த கட்டத்தில் அந்தப் பற்று சுமார் 130 கோடி பவுண்டு. அன்றைய நாணய மாற்றில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முன் காலங்காலமாகப் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியா, இப்போது பிரிட்டனுக்குக் கடன் கொடுத்த நாடு. உண்ணாமல் உடுக்காமல் கொடுத்த கடன்.

அந்தப் பணத்தை இந்தியா விரும்பியபடி எடுக்க முடியாது. டாலராக மாற்றி அமெரிக்காவில் இயந்திரம் வாங்க முடியாது. புதிதாக அமையப்போகும் நிதியம், இந்தப் போர்க்கால நிலுவைகளில் ஒரு பகுதியையாவது மாற்றிக்கொள்ள உதவ வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. எகிப்தும் அதே நிலைமையில் இருந்தது, அதுவும் சேர்ந்து கேட்டது. ஷ்ராஃப் ஒரு உவமை சொன்னார்: வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்சிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாத மனிதனின் நிலையில் எங்களை வைக்கிறீர்கள் என்று. ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருந்த அந்த ஓட்டலில் உட்கார்ந்தவர்களுக்கு டாக்சி உவமை நன்றாகவே உறைத்திருக்கும்.

விளைவு? கோரிக்கை ஏற்கப்படவில்லை. நிதியம் அவ்வளவு பாரத்தைத் தாங்காது என்றது அமெரிக்கா. இது எங்களுக்கும் கடன் கொடுத்த நாடுகளுக்கும் இடையில் உள்ள விஷயம், நாங்கள் கௌரவமாகத் தீர்த்துக்கொள்வோம் என்றார் கீன்ஸ். கடன் வாங்கியவர் நல்லவிதமாகப் பேசினார், கடன் கொடுத்தவர் வெறுங்கையோடு எழுந்தார்.

இரண்டாவது கோரிக்கை, பங்கு ஒதுக்கீடு. நிதியத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்குத்தான் வாக்கு. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத் யூனியனுக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்சுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி. ஆறாவது இடம். முதல் ஐந்து நாடுகளுக்குத்தான் நிர்வாகக் குழுவில் நிரந்தர இடம். சீனாவுக்குச் சமமாக வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியும் பலிக்கவில்லை. ஆனால் வரலாறு சில சமயம் வேடிக்கை செய்யும். சோவியத் யூனியன் கடைசியில் சேரவில்லை. ஆறாவது இடத்தில் இருந்த இந்தியா ஐந்தாவதாக உயர்ந்து, சுதந்திரத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது.

மூன்றாவது, ஒரு சொற்றொடர். சர்வதேச அமைப்புகள் எதையும் முன்னேறிய மேற்கு நாடுகளின் கண்ணோட்டத்திலேயே பார்க்கின்றன, ஏழை நாடுகளின் வளர்ச்சியும் இந்த நிதியத்தின் நோக்கங்களில் இடம்பெற வேண்டும் என்று இந்தியத் தரப்பு வலியுறுத்தியது. கேட்டபடியே கிடைக்கவில்லை. ஆனாலும் எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களையும் வளர்ப்பது என்ற கருத்து நிதியத்தின் முதல் விதியில் இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது.

நான்காவதாக நடந்ததுதான் எனக்கு எப்போதும் வியப்பு. வரைவில் "தங்கம் அல்லது தங்கமாக மாற்றக்கூடிய நாணயம்" என்ற பொருளில் ஒரு சொல் அங்கங்கே வந்துகொண்டிருந்தது. ஜூலை 13 அன்று ஒரு குழுக் கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அமெரிக்கா விளக்கட்டும் என்றார். வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வருமே, அப்படி ஒரு நேரான கேள்வி. அதற்குப் பதிலாக, தங்கமும் அமெரிக்க டாலரும் என்று எழுதிவிடலாமே என்று பிரிட்டனின் டென்னிஸ் ராபர்ட்சன் சொன்னார். ஒயிட்டின் ஆட்கள் எதிர்பார்த்திருந்ததே அதுதான். அடுத்த வரைவில் டாலர் என்ற சொல் ஏறிவிட்டது. கீன்ஸ் அந்த அறையில் இல்லை. உலக வங்கிக்கான குழுவுக்கு அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். நிதியத்துக்கான குழுவின் தலைமையை ஒயிட் தம் கையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டல் தேர்வு இங்கேதான் வேலை செய்தது. வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ கூடியிருந்தால் ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியும் தம் தூதரகத்துக்குப் போய் வந்திருப்பார், வங்கிக்காரர்களோடு பேசியிருப்பார், நிதானமாகப் படித்திருப்பார். மலையடிவாரத்தில் அது நடக்காது. கூட்டங்கள் காலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டின. ஒரே நேரத்தில் பல அறைகளில் பல குழுக்கள். இரண்டு மூன்று பேரோடு வந்த சிறிய நாடு எத்தனை அறையில் உட்கார முடியும்? தட்டச்சு செய்வது, குறிப்பெடுப்பது, நிகழ்ச்சி நிரல் போடுவது எல்லாம் அமெரிக்கர்களின் செயலகம். அமைதியான இடம்தான், எல்லாருக்கும் ஒரே மலை, ஒரே காற்று, ஒரே சாப்பாடு. ஆனால் காகிதம் ஒருவர் கையில்.

கீன்ஸுக்கும் அந்த அமைதி முழுதாகக் கிடைக்கவில்லை. ஜூலை 19 அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவசரமாக மாடிப்படி ஏறியதில் அவருக்கு லேசான மாரடைப்பு வந்தது. எந்த இதயத்துக்காக அந்த இடம் தேடப்பட்டதோ, அந்த இதயமே வேலைச் சுமையில் தடுமாறியது. அதே 19-ஆம் தேதி முடிய வேண்டிய மாநாடு மூன்று நாள் நீண்டு 22-ஆம் தேதி முடிந்தது. இறுதி ஆவணத்தில் கையெழுத்துகள் விழுந்தன. அவுன்ஸ் தங்கம் 35 டாலர், மற்ற நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டவை. இந்த ஏற்பாடு 1971 ஆகஸ்ட் 15 வரை நின்றது. அன்றுதான் அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். நம் சுதந்திர தினம், ஆகவே தேதியை மறக்க மாட்டீர்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு ஓட்டல் உண்டு. நிதியத்தின், வங்கியின் ஆளுநர்கள் முதன்முதலாகக் கூடியது 1946 மார்ச்சில், ஜார்ஜியா மாநிலத்தில். அதுவும் சவன்னா நகருக்குள் இல்லை, நகரத்துக்கு வெளியே வில்மிங்டன் தீவில் ஜெனரல் ஓகல்தார்ப் என்ற ஓட்டல். அங்கே பெரிய வாக்குவாதம், இந்த அமைப்புகளின் தலைமையகம் எங்கே இருப்பது என்று. வாஷிங்டனில் வைத்தால் அமெரிக்க அரசியலின் நிழல் விழும், நியூயார்க்கில் வையுங்கள் என்று கீன்ஸ் மன்றாடினார். அமெரிக்கா வாஷிங்டன் என்று முன்பே முடிவு செய்திருந்தது. அப்படியே ஆயிற்று. பேச்சு நடத்த ஊருக்கு வெளியே அமைதியான ஓட்டல், நடைமுறைக்கு வந்ததும் அமெரிக்க அதிபர் மாளிகையிலிருந்து நடந்துபோகும் தூரம். திரும்பும் வழியில் ரயிலில் கீன்ஸுக்கு மீண்டும் மாரடைப்பு. 1946 ஏப்ரல் 21 அன்று இங்கிலாந்தில் காலமானார்.

நம் பற்று நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானவர் சண்முகம் செட்டியார். காங்கிரஸ்காரர் அல்ல, ஆனாலும் நேரு அமைச்சரவையில் இடம்பெற்றார். 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தவர் அவர். மலையடிவார ஓட்டலில் தீராத கணக்கு அவர் மேசைக்கே திரும்பி வந்தது. 1948 கோடையில் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் அரசோடு பேசி ஒப்பந்தம் செய்தார். நிலுவையின் ஒரு பகுதி, பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு விலையாகக் கழிந்தது. இன்னொரு பகுதி, இங்கே வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்குப் போயிற்று. மிச்சத்தைத் தவணை தவணையாகத்தான் எடுக்க முடிந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது, மீதி இருந்த பணத்தின் டாலர் மதிப்பும் அதே விகிதத்தில் கரைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்தியா உலக வங்கியிடம் தன் முதல் கடனை வாங்கியிருந்தது, ரயில்வேக்காக 3.4 கோடி டாலர். பிரெட்டன் வுட்ஸுக்குக் கடன் கொடுத்த நாடாகப் போன இந்தியா, ஐந்து ஆண்டுகளில் அங்கே பிறந்த வங்கியிடமே கடன் வாங்கும் நாடாக நின்றது.

அந்தக் குழுவில் போன இந்தியர்கள் தோற்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலேயர் தலைமையில் போன ஒரு குழுவில் இருந்துகொண்டே, பிரிட்டனின் கடனை உலகத்தின் முன் எழுப்பினார்கள். அதுவரை லண்டனுக்கும் டில்லிக்கும் இடையே கடிதமாக ஓடிக்கொண்டிருந்த விஷயம், 44 நாடுகளின் பதிவேட்டில் ஏறியது. கடனைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று லண்டனில் சிலர் பேசிவந்த காலம் அது. கௌரவமாகத் தீர்ப்போம் என்று கீன்ஸை எல்லார் முன்னிலையிலும் சொல்லவைத்ததே ஒரு பிடிமானம்தான். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் பேசப் போனவருக்கு அந்த வார்த்தை கையில் இருந்தது.

அந்த ஓட்டல் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக 1986-இல் அறிவிக்கப்பட்டது. கையெழுத்து நடந்த தங்க அறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் சமயம் போனால் கூட்டம் அதிகம், வாடகையும் அதிகம். தங்க முடியாவிட்டாலும் வராந்தாவில் நின்று மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால், இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் வந்து நம் பணத்தைக் கேட்டார் என்று சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை. சண்முகம் செட்டியார் 1953-இல் காலமானார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டு, கீழே எழுதுங்கள். கொச்சியில் இருக்கும் உறவினர்களும் அவருடைய திவான் காலத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லலாம். ஏழெட்டுப் பேர் எழுதினால், அடுத்த மாதம் அவருடைய முதல் பட்ஜெட்டைப் பற்றி விரிவாக ஒரு பதிவு போடுகிறேன்.

பத்தாம் வகுப்பு எழுதும் பேரப்பிள்ளைகளுக்கு: இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவும் எழுதிவிடாதீர்கள். ஆண்டு, இடம், இரண்டு அமைப்புகளின் பெயர், அது போதும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்